நேரோபோட் பேட்டரி: எஞ்சினுக்கும் வீட்டுக்கும் தனித்தனியாக அமைப்பது எப்படி

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் (கால்வாய்க்கென்றே செய்த ஒடுக்கமான, நீண்ட படகு) வாங்கிக் குடியேறுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேட்டரி போடணும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது. ராத்திரி எடுத்த மின்சாரத்தை மறுநாள் எதிலிருந்து, எத்தனை மணி நேரத்தில் திருப்பி ஏற்றப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் நான்குக்கு எட்டாக வாங்கிப் போட்டால் நான்கு கெடுகிற இடத்தில் எட்டு கெடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

படகில் குறைந்தது இரண்டு பேட்டரித் தொகுப்புகள் இருக்க வேண்டும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும், இன்னொன்று உள்ளே இருக்கும் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாவற்றுக்கும். பவ் த்ரஸ்டர் (படகின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்பும் மோட்டார்) இருக்கிற படகில் முன்பக்கம் அதற்கென்று மூன்றாவதாக ஒன்று இருக்கும், அதை இங்கே விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் எல்லாமே 12 வோல்ட்.

எஞ்சின் பேட்டரி செய்வது சில விநாடி வேலை. ஸ்டார்ட்டர் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கிறது, ஐந்து விநாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தச் செலவு அரை ஆம்பியர்-மணிகூட (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி) வராது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதைச் சில நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் இங்கே கொள்ளளவு முக்கியமில்லை, குளிரில் ஒரே மூச்சில் எவ்வளவு ஆம்பியர் தள்ளும் என்கிற சி.சி.ஏ. எண்தான் முக்கியம், அது எஞ்சின் கையேட்டில் கேட்டிருப்பதற்குக் குறையாமல் இருந்தால் போதும். சாதாரண ஸ்டார்ட்டர் பேட்டரி ஒன்று, முடிந்தது.

வீட்டுப் பேட்டரியின் பாடு வேறு. மெதுவாக, மணிக்கணக்கில், தினமும் பாதி வரை காலியாகி மறுபடி ஏற வேண்டும். ஸ்டார்ட்டர் பேட்டரியின் மெல்லிய தட்டுகள் அதைத் தாங்காது, தடித்த தட்டு வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை: கடையில் "லெஷர்" (வீட்டுப் பக்கத்து வேலைக்கானது) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் மலிவான பேட்டரிகளில் பல, உள்ளுக்குள் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மிக நெருங்கிய சொந்தம். பாதி வரை இறக்கினால் எத்தனை சுழற்சி தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்திருக்கிறாரா பாருங்கள், கொடுக்கவில்லை என்றால் அதை வாங்காதீர்கள். ட்ரோஜன் டி-105 போன்ற 6 வோல்ட் பேட்டரிகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து 12 ஆக்கிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். கனமானவை, அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், ஆனால் உண்மையிலேயே இந்த வேலைக்குச் செய்யப்பட்டவை.

முதலில் கணக்கு

ஒரு தாளில் ஒரு நாளைக்கு என்னென்ன ஓடும் என்று எழுதுங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 30 முதல் 50 ஆம்பியர்-மணி எடுக்கும், கோடையில் மேல் நுனி. எல்.ஈ.டி. விளக்கு ஐந்து, நான்கு மணி நேரம் எரிந்தால் 5. தண்ணீர் பம்ப் ஓடும்போது நிறைய இழுத்தாலும் ஒரு நாளில் ஓடும் நேரம் கொஞ்சம்தான், 3 போடலாம். லேப்டாப்பில் ஐந்து மணி நேரம் வேலை செய்தால் 20, 25. நாள் முழுக்க ஓடும் ரௌட்டர் 12. டீசல் ஹீட்டர் பற்றும்போது சில நிமிடம் 10 ஆம்பியர் போல இழுக்கும், அப்புறம் 2, 3 ஆம்பியருக்கு இறங்கிவிடும், மாலை முழுக்க ஓட விட்டால் 10-க்கு மேல். கூட்டிப் பாருங்கள், தொலைக்காட்சி இல்லாமலேயே 90-ஐத் தாண்டுகிறது. படகில் தங்கி வேலையும் பார்க்கிற ஒருவருக்கு நாளைக்கு 100 ஆம்பியர்-மணி என்பது நியாயமான தொடக்கக் கணக்கு.

இன்வெர்ட்டரில் (பேட்டரி மின்சாரத்தை வீட்டு ஏ.சி. மின்சாரமாக மாற்றும் பெட்டி) மின்சாரக் கெட்டில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: 2000 வாட் கெட்டில், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கு நிமிடத்தில் 12 ஆம்பியர்-மணி போய்விடும், அதாவது ரௌட்டரின் ஒரு நாள் செலவு. லெட்-ஆசிட் பேட்டரி (இதுவரை சொன்ன, ஈயத் தட்டும் அமிலமும் உள்ள வழக்கமான வகை) இருக்கிற படகில் கேஸ் அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.

சரி, இந்த 100-ஐ எப்படி ஏற்றுவது? லெட்-ஆசிட் பேட்டரியின் பெரிய தொல்லை, அது நாம் கொடுக்கிற வேகத்தில் வாங்கிக்கொள்ளாது. பாதி காலியாக இருக்கும்போது ஆவலாக ஆம்பியரை இழுக்கும். 80 சதவீதம் தாண்டியதும் சுருங்கிவிடும், கடைசி 20 சதவீதத்துக்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. "தினமும் ஒரு மணி நேரம் எஞ்சின் ஓட்டுகிறேனே, பேட்டரி ஏன் ஒரு வருஷத்தில் போச்சு" என்று புலம்புகிறவர்களின் பேட்டரி அந்த ஒரு வருஷமும் 60-க்கும் 80-க்கும் நடுவிலேயே கிடந்திருக்கும். முழுதாக ஏறாத பேட்டரியின் தட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகும், அப்புறம் கொள்ளளவு திரும்பி வராது. வாரத்துக்கு ஒரு முறையாவது 100 சதவீதம் தொட வேண்டும். தொட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றால், 14.4 வோல்ட் போல நிற்கும்போது உள்ளே போகும் கரண்ட் மொத்தக் கொள்ளளவில் 1, 2 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். 440 ஆம்பியர்-மணி தொகுப்பு என்றால் 4 முதல் 9 ஆம்பியர். சார்ஜரில் பச்சை விளக்கு வந்துவிட்டது என்பது சாட்சி ஆகாது.

இதற்கு நடுவே, மற்றவர்கள் பக்கத்தில் படகைக் கரையில் கட்டியிருக்கும் இடத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை மின்சாரத்துக்காக எஞ்சின் ஓட்டக் கூடாது என்பது கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் அமைப்பின் உரிம நிபந்தனை. டிசம்பரில் இருட்டிய பிறகுதான் எல்லாம் எரியும், எஞ்சினை ஓட்ட முடிவதோ இரவு 8 மணி வரைதான். சோலார் கோடையில் அருமை, 300, 400 வாட் பேனல் இருந்தால் எஞ்சினை மறந்தே போகலாம். டிசம்பரில் அதே பேனல், கூரையில் படுக்கையாக இருந்தால், கோடையில் தருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தரும். ஆகவே கணக்கை எப்போதும் குளிர்காலத்துக்குப் போடுங்கள்.

லெட்-ஆசிட் என்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது பழகிய விதி. 110 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு போட்டால் 440, பயன்படுவது 220, உங்கள் 100-க்கு இரண்டு நாள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 200 ஆம்பியர்-மணியில் 160 தைரியமாக எடுக்கலாம், முழுதாக ஏற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை, கொடுக்கிற வேகத்தில் வாங்கிக்கொள்ளும். கரை மின்சாரம் இல்லாமல் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே வாழ்கிறவர்களுக்கு இன்று லித்தியம்தான் என்பது என் கருத்து. மரினாவில் ப்ளக்கைச் செருகி வைத்துவிட்டு வார இறுதியில் மட்டும் வருகிறவருக்கு லெட்-ஆசிடே போதும், அந்தக் காசை நல்ல சார்ஜருக்குக் கொடுக்கலாம். லித்தியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. எஞ்சின் அறையின் குளிரில் வைக்காமல் உள்ளே, கட்டிலுக்கு அடியிலோ படிக்கு அடியிலோ வைப்பது நல்லது.

இரண்டையும் பிரிப்பதும் சேர்ப்பதும்

எஞ்சின் ஓடும்போது இரண்டு தொகுப்பும் ஏற வேண்டும், எஞ்சின் நின்றதும் வீட்டுப் பக்கத்துச் செலவு எஞ்சின் பேட்டரியைத் தொடவே கூடாது. இதற்கு வழி பல, எல்லாவற்றிலும் ஒரு கோளாறு உண்டு.

பழைய படகில் 1, 2, இரண்டும், ஆஃப் என்று நான்கு நிலை உள்ள பெரிய சுழல் ஸ்விட்ச் இருக்கும். மனிதன் ஞாபகமாகத் திருப்பினால்தான் வேலை செய்யும். மோசமானது எதுவென்றால், எஞ்சின் ஓடும்போது ஆஃப் வழியாகத் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்புகள்) போய்விடும். இருந்தால் கழற்றிவிடுங்கள். அடுத்தது டயோடு வைத்துப் பிரிக்கும் பெட்டி. அசையும் பாகம் ஒன்றும் இல்லை, ஆனால் சாதாரண டயோடு அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும், 14.4 கேட்கும் பேட்டரிக்கு 13.7 போய்ச் சேர்ந்தால் அது எந்தக் காலத்திலும் நிரம்பாது.

வோல்ட்டேஜைப் பார்த்துத் தானாகச் சேரும் ரிலே, படகுக்காரர்கள் வி.எஸ்.ஆர். என்பார்கள், ஒரே ஆல்டர்னேட்டர் உள்ள லெட்-ஆசிட் படகுக்கு இன்னமும் நல்ல தேர்வு. சார்ஜ் வந்து 13.3 வோல்ட் போலத் தாண்டியதும் இரண்டையும் சேர்க்கும், 12.8 போல இறங்கினால் பிரிக்கும். பலர் ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளை எஞ்சின் பேட்டரிக்குக் கொடுத்து, ரிலே வழியாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: ஆல்டர்னேட்டரை நேராக வீட்டுத் தொகுப்புக்குக் கொடுங்கள், ரிலே வழியாக எஞ்சின் பேட்டரிக்கு அனுப்புங்கள். நாள் முழுக்க ஓடும் பெரிய கரண்ட் அப்போது ரிலேயின் முனைகளில் போகாது, எஞ்சின் பேட்டரிக்கு வேண்டியதோ கொஞ்சம்தான். இரண்டு பக்கமும் பார்க்கும் வகை ரிலே வாங்கினால், சோலாரில் வீட்டுப் பக்கம் நிரம்பும்போது எஞ்சின் பேட்டரிக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலில் ரிலே சேர்ந்திருக்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் வீட்டுத் தொகுப்பும் சேர்ந்து ஸ்டார்ட்டருக்குத் தள்ளும், அது முழுக்க அந்த ரிலே வழியாகத்தான் போகும். ஆகவே ரிலேயும் அதன் கேபிளும் மெலிதாக இருக்கக் கூடாது, இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும்.

எஞ்சினிலேயே இரண்டு ஆல்டர்னேட்டர் வந்திருந்தால் வேலை எளிது. சிறியது எஞ்சின் பேட்டரிக்கு, பெரியது வீட்டுக்கு, நடுவில் ஒன்றுமே வேண்டாம். சிலர் அப்படியும் ஒரு ரிலேயைப் போட்டுச் சிக்கலாக்குகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

லித்தியத்துக்கு வந்தால் கதை மாறும். அதன் உள்தடை மிகக் குறைவு, ஆல்டர்னேட்டரிடம் இருப்பதையெல்லாம் மணிக்கணக்கில் கேட்கும். படகைக் கரையில் கட்டிவிட்டு எஞ்சினை மெதுவாக ஓட்டும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், குளிர்ச்சி போதாமல் சுருள் கருகும். இன்னொன்று, லித்தியத்தின் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துப் பாதுகாக்கும் சர்க்யூட்) ஏதோ காரணத்தால் சட்டென்று தொடர்பைத் துண்டித்தால், ஓடிக்கொண்டிருந்த கரண்ட்டுக்குப் போக இடமில்லாமல் வோல்ட்டேஜ் எகிறி டயோடுகளை அடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து எளிய தீர்வு: ஆல்டர்னேட்டரை லெட்-ஆசிட் எஞ்சின் பேட்டரியிலேயே விட்டுவிடுங்கள், அங்கிருந்து டி.சி.-டி.சி. சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு அளவாக ஏற்றும் பெட்டி) வழியாக லித்தியத்துக்கு ஏற்றுங்கள். சார்ஜரின் அளவு ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதியைத் தாண்ட வேண்டாம். 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 30 ஆம்பியர் சார்ஜர், மூன்று மணி நேரத்தில் 90 ஆம்பியர்-மணி, உங்கள் ஒரு நாள் கணக்கு கிட்டத்தட்ட அடைந்துவிட்டது. லெட்-ஆசிடில் இதே மூன்று மணி நேரத்தில் கடைசி 20 சதவீதம்கூட முடிந்திருக்காது.

வயரிங்

கார்போல உடலையே நெகட்டிவ் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது, எஃகு உடலில் கரண்ட் ஓடினால் அரிப்புக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பி. ஆனால் எஞ்சின் பேட்டரி, வீட்டுத் தொகுப்பு இரண்டின் நெகட்டிவும் தடித்த கேபிளால் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். பிரிப்பது பாசிட்டிவ் பக்கம் மட்டும். இதைத் தெரியாமல் நெகட்டிவையும் பிரித்து வைத்துவிட்டு "ரிலே வேலை செய்யலை" என்று தேடுகிறவர்கள் நிறைய.

வீட்டுத் தொகுப்பில் பேட்டரிகளைப் பக்கவாட்டில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணைக்கும்போது, பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அந்தப் பேட்டரிதான் அதிகம் உழைத்து முதலில் சாகும், மற்றவற்றையும் கூட இழுத்துக்கொண்டு போகும். நான்கு பேட்டரி என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே நீளக் கேபிள் எடுத்து பஸ்பாரில் (பல கேபிள்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை) சேர்ப்பது இன்னும் நல்லது. எல்லாம் ஒரே வகை, ஒரே வயது. பழைய மூன்றோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அந்தப் புதியது சீக்கிரமே பழையதாகிவிடும்.

கேபிள் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்வெர்ட்டருக்கு 200 ஆம்பியர் போகிறது, போக வர நான்கு மீட்டர் என்று வைப்போம். 70 சதுர மில்லிமீட்டர் செம்பில் 0.2 வோல்ட் விழும். 25-இல் அதே தூரத்துக்கு 0.56 வோல்ட், கேபிளும் சூடாகும், பேட்டரி நன்றாக இருக்கும்போதே இன்வெர்ட்டர் "வோல்ட்டேஜ் குறைவு" என்று கத்தி நின்றுவிடும். லக்குகளை (கேபிள் நுனியில் மாட்டும் வளைய முனைகள்) ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டி ஒட்டவைத்த லக் தீப்பிடிக்கிற இடம். அப்புறம், பழைய படகுகளில் பாலிஸ்டைரீன் தகடுதான் குளிர்காப்பு. பி.வி.சி. உறையிட்ட கேபிள் அதைத் தொட்டுக்கொண்டே போனால் உறை நாளடைவில் கெட்டு நொறுங்கும், குழாய்க்குள் விட்டு இழுங்கள்.

வீட்டுப் பாசிட்டிவில் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் முதல் ஃபியூஸ். ஃபியூஸ் கேபிளைக் காப்பாற்ற, கருவியை அல்ல, ஆகவே கேபிள் தாங்கும் அளவை ஒட்டித் தேர்ந்தெடுங்கள். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரும், மலிவு ஃபியூஸ் உருகிய பிறகும் இடைவெளியில் மின்பொறி எரிந்துகொண்டே இருக்கலாம், அங்கே கிளாஸ்-டி (Class T) வகை போடுங்கள். ஸ்டார்ட்டர் கேபிளில் வழக்கமாக ஃபியூஸ் இருக்காது, அதனால்தான் அதைக் குட்டையாகவும் எதிலும் உராயாமலும் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி ஐசொலேட்டர் ஸ்விட்ச் (பேட்டரியை முழுதாகத் துண்டிப்பது), கையெட்டும் இடத்தில். தானாக இயங்கும் பில்ஜ் பம்ப்பை (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) மட்டும் ஐசொலேட்டரைத் தாண்டி நேரே பேட்டரியிலிருந்து, தனி ஃபியூஸோடு எடுங்கள், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனாலும் தண்ணீர் ஏறினால் அது ஓட வேண்டும்.

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் போட் சேஃப்டி ஸ்கீம் (படகுப் பாதுகாப்புத் திட்டம்) பரிசோதகர் பார்ப்பதும் பெரும்பாலும் இவைதான்: பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா, ஸ்பேனர் விழுந்தால் முனைகளில் படாதபடி மூடியிருக்கிறதா, காற்றோட்டம் இருக்கிறதா, ஐசொலேட்டர் எங்கே. காற்றோட்டம் சும்மா சம்பிரதாயம் இல்லை, லெட்-ஆசிட் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். மேலே ஏறும் வாயு என்பதால் துளை மேலே இருக்க வேண்டும். வேலை செய்யும்போது மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள், கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

மீட்டர், சோதனை

வோல்ட் மீட்டரைப் பார்த்துப் பேட்டரியின் நிலையைச் சொல்ல முடியும், ஆனால் சார்ஜும் செலவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகுதான். லெட்-ஆசிடில் 12.7 நிறைவு, 12.2 பாதி, 12.0-க்கு வந்துவிட்டால் நீங்கள் ஏற்கனவே விதியை மீறியாயிற்று. லித்தியத்தில் வோல்ட்டேஜ் நடுப்பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால் இதுவும் உதவாது. ஆகவே ஷன்ட் (ஓடும் கரண்ட்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த மீட்டர் போடுங்கள், அது உள்ளே போன ஆம்பியரையும் வெளியே போனதையும் எண்ணிக்கொண்டே இருக்கும். வீட்டுத் தொகுப்பின் நெகட்டிவில் ஷன்ட், அதைத் தாண்டித்தான் மற்ற எல்லா நெகட்டிவும். சோலார் நெகட்டிவை யாராவது நேரே பேட்டரியில் மாட்டியிருந்தால் மீட்டருக்கு அந்தச் சார்ஜ் தெரியாது, பேட்டரி நிரம்பியிருக்கும்போதே காலி என்று காட்டும். எண்ணிக்கையும் நாள் போகப்போக விலகும், முழுச் சார்ஜ் ஆகும்போது 100-க்குத் திருப்பி வைக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியாயிற்றா? எஞ்சின் நிற்கும்போது இரண்டு தொகுப்பின் வோல்ட்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி எஞ்சின் பேட்டரி முனையில் பாருங்கள், சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. பேட்டரியில் நன்றாக இருந்து ஸ்டார்ட்டர் முனையில் மட்டும் குறைந்தால் கேபிளிலோ லக்கிலோ கோளாறு. எஞ்சின் ஓடிச் சில நிமிடம் ஆனதும் ஆல்டர்னேட்டரின் பின்னாலும் வீட்டுப் பேட்டரியிலும் ஒரே நேரத்தில் அளந்தால், நடுவில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று தெரியும். 0.3-க்கு மேல் தொலைந்தால் ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லா லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சூடாக இருந்தால் குற்றவாளி அதுதான். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒவ்வொரு பேட்டரிக்கும் போகும் கரண்ட் ஏறக்குறைய சமமா என்றும் பார்த்துவிடலாம்.

குளிர்காலத்தில் படகைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் லெட்-ஆசிடை முழுதாக ஏற்றிவிட்டு, ஐசொலேட்டர்களை அணைத்து, சோலாரை மட்டும் இணைப்பில் விட்டுப் போங்கள். நிரம்பிய பேட்டரியின் அமிலம் இங்கிலாந்துக் குளிருக்கு உறையாது, காலியானதில் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர், பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து உறையைப் பிளக்கும். லித்தியத்துக்கு நேர்மாறு, பாதி அளவில் விட்டுவிட்டு சோலாரையும் சார்ஜரையும் நிறுத்திவிடுங்கள், ஆனால் பில்ஜ் பம்ப் அதிலிருந்து ஓடுகிறதென்றால் மாதத்துக்கு ஒரு முறை போய் அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.